இந்திய நகரங்களின் பாதிப்புறுதன்மையை அளந்த வரலாறு: போர்ட் கேனிங் முதல் மும்பை வரை

(சற்று நீண்ட பதிவு. நகரவியல், சூழலியல், மொழியியல் பயிலும் மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதியது. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

இரண்டாண்டுகளுக்கு முன், மும்பை தாராவியில் வாழும் தமிழ்க் குடும்பங்களிடையே நடத்தவிருந்த ஒரு கணக்கெடுப்பின் வினாப்படிவத்தைத் தமிழாக்கும் பணி என்னிடம் வந்தது. காலநிலை மாற்றத்தால் நகரின் எப்பகுதி எவ்வளவு பாதிப்புக்குள்ளாகும் என்பதை மதிப்பிடுவதே அக்கணக்கெடுப்பின் நோக்கம். மொழிபெயர்ப்பு முடிந்தபின் அதைச் சோதித்துப் பார்க்கச் சில வீடுகளுக்கு நானும் சென்றேன். "வெள்ளத்தால் உங்கள் குடும்பம் எந்த அளவுக்குப் பாதிக்கப்படக்கூடியது? ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் தருக" என்பது வினா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே குடிபெயர்ந்த ஆச்சி ஒருவர் அதைக் கேட்டுவிட்டு என்னிடம் திருப்பிக் கேட்டார்: "ஏம்மா, தண்ணி வந்தா எங்களுக்கு என்ன ஆவும்னு கேக்கியளா, இல்ல நாங்க என்ன செய்வோம்னு கேக்கியளா?"

அவ்வினாவுக்கு எதிரே ஐந்து கட்டங்கள் மட்டுமே இருந்தன. அவர் எண் எதையும் சொல்லவில்லை. நான் 3 என்று குறித்துக்கொண்டு அடுத்த வினாவுக்குச் சென்றேன். சோதனைப் படிவம் என்பதால் அந்த எண் எந்தத் தொகுப்பிலும் சேரவில்லை. எனினும் அது இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. ஆச்சி எழுப்பிய ஐயம் அறியாமையால் எழுந்ததன்று. பாதிப்புறுதன்மை என்னும் கருத்தாக்கம் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகத் தீர்க்காமல் வைத்திருக்கும் சிக்கலை அவர் ஒரே தொடரில் கேட்டுவிட்டார். அச்சிக்கலின் இந்திய வரலாற்றைச் சுருக்கமாகத் தொகுத்துப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

1. போர்ட் கேனிங்: செவிகொடுக்கப்படாத மதிப்பீடு

இந்தியாவில் ஒரு நகரம் எழும்பும் முன்பே அதன் இடர்நிலையை மதிப்பிட்ட தொடக்ககால எடுத்துக்காட்டு ஒன்றைச் சுட்ட வேண்டுமெனில், நான் ஹென்றி பிடிங்டனின் கடிதத்தைச் சுட்டுவேன். கப்பலோட்டியாக இருந்து கல்கத்தாவில் நிலைகொண்ட பிடிங்டன், மாலுமிகளின் கப்பற்குறிப்பேடுகளைத் திரட்டி வங்கக் கடற்புயல்களின் இயக்கத்தை ஆராய்ந்தவர். 'சைக்ளோன்' என்ற சொல்லை ஆக்கியவரும் அவரே. சுழலையும் பாம்பின் சுருளையும் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து 1840களில் அவர் ஆக்கிய அச்சொல், 1848இல் வெளிவந்த அவரது மாலுமிக் கையேட்டின் வழியாக உலகெங்கும் பரவியது.

அக்காலத்தில் ஹூக்ளி ஆறு வண்டல் படிந்து கப்பல் போக்குவரத்துக்குத் தகுதியற்றதாகிவிடும் என்ற அச்சம் கல்கத்தா வணிகர்களிடையே நிலவியது. ஆகவே, தென்கிழக்கே சுந்தரவனத்தின் விளிம்பில் மாத்லா ஆற்றங்கரையில் ஒரு மாற்றுத் துறைமுக நகரத்தை எழுப்பத் திட்டமிடப்பட்டது. 1853இல் பிடிங்டன் தலைமை ஆளுநர் டல்ஹௌசிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். புயலோடு எழும் கடற்பேரலை ஒருநாள் அவ்விடத்தை உப்புநீரில் மூழ்கடிக்கும் என்று அதில் எச்சரித்தார். எச்சரிக்கை பொருட்படுத்தப்படவில்லை. துறைமுகம் கட்டப்பட்டது, 1860களின் தொடக்கத்தில் இருப்புப்பாதையும் வந்தது, நகருக்குக் கேனிங் பிரபுவின் பெயர் சூட்டப்பட்டது. 1867 நவம்பர் 1ஆம் நாள் வீசிய புயலில் ஏறத்தாழ ஆறடி உயர அலை நகருக்குள் புகுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் துறைமுகம் கைவிடப்பட்டது. பிடிங்டன் அதைக் காண உயிரோடு இல்லை, 1858லேயே காலமாகியிருந்தார். அமிதவ் கோஷின் 'தி ஹங்ரி டைட்' நாவலை வாசித்தவர்கள் இவ்வரலாற்றை அறிந்திருப்பர்.

இக்கதையைப் பெரும்பாலும் ஓர் அறிஞரின் தீர்க்கதரிசனமாகவே சொல்லி வருகிறோம். எனக்கு வேறு இரண்டு செய்திகள் முதன்மையாகத் தோன்றுகின்றன. முதலாவது, அறிவின்மையால் போர்ட் கேனிங் அழியவில்லை. மதிப்பீடு இருந்தது, முடிவெடுக்கும் இடத்துக்கும் அது போய்ச் சேர்ந்தது. மதிப்பீட்டை ஏற்றுக்கொள்ளும் கடமை எவருக்கும் இல்லை என்பதே அங்கிருந்த குறை. இரண்டாவது, பிடிங்டன் மதிப்பிட்டது இடத்தை. அவ்விடத்தில் யார் வாழ்வார்கள், அவர்களில் யாரால் தப்பிச் செல்ல முடியும், யாரால் முடியாது என்பவை அவரது வினாக்கள் அல்ல. இடத்தை அளப்பதா, மனிதரை அளப்பதா என்ற பிளவு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய பெரும்புயலும் அதன்பின் நேர்ந்த பருவமழைப் பொய்த்தல்களும் 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றக் காரணங்களாயின. 1876-78 பெரும்பஞ்சத்துக்குப் பின் அமைக்கப்பட்ட பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை அளித்தது. பஞ்ச விதித்தொகுப்புகள் உருவாயின. சென்னை மாகாணம் அப்பஞ்சத்தில் பட்ட துயரம் நாம் அறிந்ததே. இவ்வாறு காலநிலையால் நலியும் மக்கள் யார் என்று அரசு ஆராயத் தொடங்கியபோது, அதன் பார்வை சிற்றூரின் மீதே, மாவட்டத்தை அலகாகக் கொண்டு படிந்தது. நகரம் அப்பார்வைக்குள் வேறொரு வாயில் வழியாக நுழைந்தது. அந்த வாயில் கொள்ளைநோய்.

2. பம்பாய் 1896: சுவரில் எழுதப்பட்ட தீர்ப்பு

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் மருத்துவர் அகாசியோ வீகாஸ் பிளேக் நோயைக் கண்டறிந்தார். 1897இல் கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. இக்காலத்தில் நகரம் வீடு வீடாக ஆராயப்பட்டது. காற்றோட்டம், வெளிச்சம், கழிவுநீர், நெரிசல் ஆகியவற்றின் அடிப்படையில் 'சுகாதாரக் கேடான பகுதிகள்' வரையறுக்கப்பட்டன. மனிதர் வாழத் தகுதியற்றவை என்று தீர்மானிக்கப்பட்ட வீடுகளின் சுவர்களில் அப்பொருளைத் தரும் ஆங்கில முதலெழுத்துகள் மூன்று எழுதப்பட்டன.

மொழியியல் பயின்றவள் என்ற முறையில் அந்த மூன்றெழுத்துகள் என்னை ஈர்க்கின்றன. 'இவ்வீடு வாழத் தகுதியற்றது' என்பது இலக்கண அளவில் ஒரு விவரணைத் தொடர். நடைமுறையில் அது ஆணை. அவ்வாறு குறிக்கப்பட்ட வீட்டில் இருந்தவர் வெளியேற வேண்டும். அறக்கட்டளை தன் தொடக்க ஆண்டுகளில் இடித்த குடியிருப்புகளின் அளவுக்கு மாற்றுக் குடியிருப்புகளைக் கட்டவில்லை என்பதை நகர வரலாற்றாய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். வெளியேற்றப்பட்ட தொழிலாளர்கள், வேலைக்கு அருகில் இருக்கவேண்டிய தேவையால், பக்கத்துத் தெருக்களில் முன்னினும் நெருக்கமாக அடைந்து வாழ்ந்தனர். நெரிசலைக் குறைக்க வந்த மதிப்பீடு நெரிசலை இடம் மாற்றிவைத்தது.

இதற்கு ஒரு மாற்றுக்குரலும் அக்காலத்திலேயே எழுந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உயிரியலாளரும் நகரத் திட்டமிடலாளருமான பேட்ரிக் கெடிஸ், சென்னை ஆளுநர் பென்ட்லண்டின் அழைப்பின்பேரில் 1914இல் இந்தியா வந்தார். சென்னை மாகாண நகரங்கள் உட்படப் பல ஊர்களைத் தெருத் தெருவாக நடந்து ஆராய்ந்தார். 1918இல் இந்தூர் பற்றிய விரிவான அறிக்கையை வெளியிட்டார். 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் சமூகவியல் பேராசிரியரானார். மருந்து கொடுக்கும் முன் நோயை அறிய வேண்டும், அறுவை தேவைப்பட்டால் உடலின் பெரும்பகுதியைக் காத்து அறுக்க வேண்டும் என்ற மருத்துவ உவமையையே அவர் நகருக்கும் பயன்படுத்தினார். ஒரு தெருவை அகலப்படுத்த நூறு வீடுகளை இடிப்பதற்கு முன், பாழடைந்த ஓரிரு வீடுகளை அகற்றிச் சிறு வெளியை உண்டாக்கி மரம் நட்டால் போதுமா என்று பார்ப்பதே அவரது முறை.

கெடிஸை இலட்சிய மனிதராக்குவது என் நோக்கமன்று. ஆனால் இரு மரபுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு குறிக்கத்தக்கது. ஒன்று 'தகுதியற்றது' என்று பெயரிட்டு அகற்றும் மரபு; மற்றது 'எதனால் இப்படி ஆயிற்று' என்று கேட்டுத் திருத்தும் மரபு. இன்றைய காலநிலை மதிப்பீடுகள் இவ்விரண்டில் எதன் வழிவந்தவை என்ற வினாவை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

3. ஒரு சொல்லின் உட்பொருள் மாறிய கதை

ஆங்கிலத்தில் 'வல்னரபிள்' என்ற சொல்லின் வேர் இலத்தீனில் காயத்தைக் குறிக்கும் 'வுல்னுஸ்'. காயப்படத்தக்கது என்பது அதன் நேர்ப்பொருள். தமிழில் பாதிப்புறுதன்மை, பாதிக்கப்படக்கூடிய தன்மை, நலிவுநிலை என்று பலவாறாக எழுதுகிறோம். இவற்றில் 'பாதிக்கப்படக்கூடிய' என்பது செயப்பாட்டு வடிவம். செயப்பாட்டுத் தொடரில் எழுவாயாக நிற்பவர் பாதிப்பை ஏற்பவர். பாதிப்பைச் செய்தவரைச் சொல்லாமலே தொடரை முடித்துவிடலாம். 'மக்கள் பாதிக்கப்பட்டனர்' என்பது நிறைவான தொடர். 'யாரால், எதனால்' என்ற வினா அங்கே கட்டாயமில்லை. ஆங்கிலச் சொல்லின் ஈற்று விகுதியும் இதையே செய்கிறது. காயப்படும் இயல்பு காயப்படுபவரின் பண்பாகிவிடுகிறது.

இவ்வசதியை எதிர்த்தே சமூக அறிவியலில் இச்சொல் வளர்ந்தது. 1976இல் 'நேச்சர்' இதழில் ஓ'கீஃப், வெஸ்ட்கேட், விஸ்னர் ஆகிய மூவரும், இயற்கைப் பேரழிவு என்பதிலிருந்து 'இயற்கை' என்ற அடைமொழியை நீக்கிப் பார்க்க வேண்டும் என வாதிட்டனர். 1981இல் அமர்த்திய சென், பஞ்சத்தை உணவுப் பற்றாக்குறையால் மட்டும் விளக்க இயலாது, உணவைப் பெறும் உரிமை எவரிடம் இல்லை என்பதைக் கொண்டு விளக்க வேண்டும் என்று நிறுவினார். வங்கப் பஞ்சம் அவரது முதன்மைச் சான்றுகளில் ஒன்று. ஆக, பாதிப்புறுதன்மை என்பது சமூக உறவுகளின் விளைவு என்ற கருத்து, காலநிலை அறிவியல் இச்சொல்லைக் கையிலெடுப்பதற்கு முன்பே நிலைபெற்றிருந்தது.

காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு, அதாவது ஐபிசிசி, 2001 அறிக்கையில் பாதிப்புறுதன்மையை மூன்றின் சேர்க்கையாக வரையறுத்தது: இடருக்கு எவ்வளவு ஆட்பட்டிருக்கிறோம், அதனால் எவ்வளவு தாக்கமுறுகிறோம், எவ்வளவு தகவமைத்துக்கொள்ள இயலும். 2012 சிறப்பறிக்கையிலும் 2014 அறிக்கையிலும் அமைப்பு மாறியது. இடர்ப்பாடு என்பது தலைமைச் சொல்லாயிற்று. அபாய நிகழ்வு, ஆட்படுநிலை, பாதிப்புறுதன்மை ஆகிய மூன்றும் சந்திக்குமிடத்தில் அது தோன்றுகிறது என்று கூறப்பட்டது. முன்பு பாதிப்புறுதன்மைக்குள் அடங்கியிருந்த ஆட்படுநிலை இப்போது அதற்கு வெளியே வந்துவிட்டது.

இது வெறும் கலைச்சொல் விவகாரமாகத் தோன்றலாம். விளைவைப் பாருங்கள். 2007இல் ஓஇசிடி அமைப்பின் ஆய்வு ஒன்று உலகின் 136 துறைமுக நகரங்களை ஒப்பிட்டது. கடல்வெள்ளத்துக்கு ஆட்பட்டிருக்கும் மக்கள்தொகையின்படி அன்றைய நிலையில் மும்பை முதலிடத்தில் இருந்தது. 2070களுக்கான கணிப்பில் கொல்கத்தா முதலிடமும் மும்பை இரண்டாமிடமும் பெற்றன. 2021இல் இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் வெளிவந்த மாநில, மாவட்ட அளவிலான மதிப்பீட்டிலோ மகாராஷ்டிரம் குறைந்த பாதிப்புறுதன்மை கொண்ட மாநிலங்களின் வரிசையில் உள்ளது. ஜார்க்கண்ட், மிசோரம், ஒடிசா, சத்தீஸ்கர், அசாம், பீகார், அருணாசலப் பிரதேசம், மேற்கு வங்கம் ஆகியன மிகுந்த பாதிப்புறுதன்மை கொண்டவை. இரண்டில் எது தவறு? இரண்டும் தவறில்லை. முதலாவது ஆட்படுநிலையை அளந்தது. இரண்டாவது ஐபிசிசியின் 2014 வரையறையைப் பின்பற்றி, ஆட்படுநிலையைத் தவிர்த்து, வருவாய், வேளாண்மை, மருத்துவ வசதி போன்றவற்றைக் கொண்டு மாநிலங்களை ஒப்பிட்டது. குறைந்த எண் பெற்ற மாநிலத்துக்கு இடரே இல்லை என்று அவ்வறிக்கை கூறவுமில்லை. ஆனால் செய்தித்தாளில் தலைப்பை மட்டும் வாசிப்பவருக்கு இவ்வேறுபாடு புலப்படாது. மாணவர்கள் தம் ஆய்வேடுகளில் இவ்விரு வகை முடிவுகளையும் ஒரே அட்டவணையில் அடுக்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்; தொடக்கத்தில் நானும் அப்படி அடுக்கியவள்தான்.

4. மும்பை 2005: இரு மழைமானிகளுக்கு இடையில்

2005 ஜூலை 26ஆம் நாளை அறியாத நகராய்வாளர் இருக்க முடியாது. அன்று சாந்தாக்ரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அதே நகரின் தென்முனையான கொலாபாவில் பதிவானது ஏறத்தாழ 73 மில்லிமீட்டர். இவ்விரண்டின் சராசரியைக் கணக்கிட்டால் ஐந்நூற்றுச் சொச்சம் வரும். அப்படியொரு மழை இவ்விரண்டு நிலையங்களில் எதிலும் பெய்யவில்லை. சராசரி எனும் கருவி ஒரு நகரத்தை எவ்வாறு பொய்யாக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. அதன்பின் நகரெங்கும் தானியங்கி மழைமானிகள் பல நிறுவப்பட்டன.

இங்கும் முன்னறிவு இல்லாமல் போகவில்லை. நகரின் மழைநீர் வடிகால்களை ஆராய்ந்த பிரிம்ஸ்டோவாட் அறிக்கை 1993லேயே வெளிவந்திருந்தது. மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும் வடிகால்களை 50 மில்லிமீட்டர் தாங்கும்படி மேம்படுத்த வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அப்பணிகள் வேகம் பெற்றது 2005 வெள்ளத்துக்குப் பிறகே. போர்ட் கேனிங் இங்கே நினைவுக்கு வருகிறது.

வெள்ளத்துக்குப்பின் எல்லோர் பார்வையும் மித்தி ஆற்றின் மேல் திரும்பியது. ஆறு குறுகிப்போயிருந்தது. கரையோரக் குடிசைகளும் சிறு பட்டறைகளும் ஆக்கிரமிப்புகள் என அகற்றப்பட்டன, ஆறு அகலப்படுத்தப்பட்டது. ஆனால் அந்த ஆற்றை நெருக்கியவை குடிசைகள் மட்டும்தானா? விமான நிலையத்தின் ஓடுபாதை ஆற்றின் மீது நீண்டிருக்கிறது. பாந்த்ரா-குர்லா வணிக வளாகம் மித்தியின் தாழ்நிலத்தின் மீது, அரசுத் திட்டத்தின்படியே எழுந்தது. இவையும் ஆற்றின் போக்கை மாற்றின. எனினும் 'ஆக்கிரமிப்பு' என்ற சொல் குடிசையோடு ஒட்டிக்கொண்ட அளவுக்கு இவற்றோடு ஒட்டிக்கொள்ளவில்லை. 1898இன் சுவரெழுத்தை இங்கே மீண்டும் காண்கிறோம். பாதிப்புறுபவர் என்று வரைபடத்தில் குறிக்கப்பட்டவரே பாதிப்புக்குக் காரணமானவர் என்றும் குறிக்கப்படுகிறார். முதல் பெயர் அவருக்கு நிவாரணம் தரலாம். இரண்டாவது பெயர் அவர் வீட்டை எடுத்துக்கொள்ளும்.

ஆச்சியின் வீடு மித்தியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. தன் குடும்பம் மிகவும் பாதிக்கப்படக்கூடியது என்று 5 மதிப்பெண் கொடுத்தால் உதவி வருமா, இடிப்பு இயந்திரம் வருமா என்பது அவருக்குத் தெரியாது. அவர் எண் சொல்லாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று பின்னர்தான் எனக்குத் தோன்றியது.

5. சூரத்: நகருக்கு வெளியே இருக்கும் காரணம்

தாபி ஆற்றின் கழிமுகத்தருகே அமைந்த சூரத், 1994 பிளேக் அச்சத்தின்போது பல லட்சம் பேர் நகரைவிட்டு ஓடியதைக் கண்டது. அடுத்த ஆண்டில் மாநகராட்சி ஆணையராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ராவ் காலத்தில் அதன் துப்புரவு நிர்வாகம் மாற்றியமைக்கப்பட்டது. தூய்மைக்குப் புகழ்பெற்ற அந்நகரம் 2006 ஆகஸ்டில் நீரில் மூழ்கியது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்கு மேலே உள்ள உகாய் அணையிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 9 லட்சம் கனஅடி நீர் திறந்துவிடப்பட்டது. நகரின் முக்கால் பகுதி வெள்ளத்தில் ஆழ்ந்தது. அணை நிரம்பும்வரை காத்திருந்து ஒரேயடியாகத் திறந்ததே காரணம் என்ற வாதமும், மழையின் அளவே காரணம் என்ற வாதமும் மோதின.

சூரத் நமக்குக் கற்பிப்பது அலகு பற்றிய பாடம். நகரின் வார்டுகளை எவ்வளவு நுட்பமாக மதிப்பிட்டாலும், நீரைத் திறக்கும் முடிவு நகர எல்லைக்கு வெளியே வேறொரு துறையால் எடுக்கப்படுகிறது. 2008இல் ராக்கஃபெல்லர் அறக்கட்டளை தொடங்கிய ஆசிய நகரங்களின் காலநிலை மீள்திறன் வலையமைப்பில் சூரத், இந்தூர், கோரக்பூர் ஆகிய இந்திய நகரங்கள் முதலில் சேர்க்கப்பட்டன. சூரத்தில் மதிப்பீட்டின் விளைவாக முதன்மை பெற்றது, அணையையும் ஆற்றையும் நகரையும் ஒரே தகவல் தொடரில் இணைக்கும் வெள்ள முன்னெச்சரிக்கை அமைப்பு. 2012இல் மாநகராட்சி, வணிகர் சங்கம், கல்வி நிறுவனங்கள் முதலானோர் பங்குபெறும் சூரத் காலநிலை மாற்ற அறக்கட்டளை அமைந்தது. மதிப்பீடு ஒரு மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல், யார் யாருக்கு எப்போது செய்தி சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடாக மாறியது. அறக்கட்டளை என்ற அதே பெயரில் 1898க்கும் 2012க்கும் இடையே எவ்வளவு தொலைவு!

6. அகமதாபாத்: ஒரு கட்டடத்துக்குள் இரு காலநிலைகள்

வெள்ளம் கண்ணுக்குத் தெரியும், வெப்பம் தெரியாது. 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பநிலை 46.8 செல்சியஸ் பாகையைத் தொட்டது. அம்மாதத்து இறப்புகளைப் பிற ஆண்டுகளின் அதே காலத்தோடு பின்னர் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், 1,344 இறப்புகள் கூடுதலாக நிகழ்ந்திருப்பதைக் கண்டனர். அவற்றில் பெரும்பாலானவை வெப்பத்தால் நேர்ந்தவை என்று அன்றே பதியப்பட்டிருக்கவில்லை. வெப்பத்தால் இறப்பவரின் சான்றிதழில் மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு என்றே பெரும்பாலும் எழுதப்படும். ஆகவே இங்கே முதல் பணி பெயரிடுவதாகவே இருந்தது.

2013இல் அகமதாபாத் மாநகராட்சி, காந்திநகர் பொதுச் சுகாதார நிறுவனம் முதலியவற்றின் துணையோடு, தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 41.1 பாகையிலிருந்து மஞ்சள், 43.1 பாகையிலிருந்து ஆரஞ்சு, 45 பாகையிலிருந்து சிவப்பு என எச்சரிக்கைகள் வகுக்கப்பட்டன. ஒவ்வொரு நிறத்துக்கும் மருத்துவமனை, ஆம்புலன்ஸ், குடிநீர் வழங்கல், தொழிலாளர் துறை ஆகியவை செய்யவேண்டியவை முன்கூட்டியே எழுதப்பட்டன.

இத்திட்டத்தைச் சூழ்ந்த ஆய்வுகளில் என் மனத்தில் நிலைத்தது மிகச் சிறிய ஒன்று. நகரின் மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில் பிரசவப் பிரிவு மேல்தளத்தில், வெயில் நேரே காயும் கூரையின் கீழ் இருந்தது. கோடையில் வெப்பத் தாக்கத்தோடு தீவிர சிகிச்சைக்கு வரும் பச்சிளங்குழந்தைகளின் எண்ணிக்கை மிகுந்தது. பிரிவு கீழ்த்தளத்துக்கு மாற்றப்பட்டபின் அவ்வெண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. ஒரே நகரம், ஒரே வார்டு, ஒரே கட்டடம். வேறுபட்டது தளம் மட்டுமே. எந்தக் குறியீட்டெண்ணின் வரைபடத்திலும் இவ்வேறுபாடு நிறம் மாறித் தெரியாது. அங்கே பணிபுரிந்தவர்களும் பதிவேட்டைப் புரட்டியவர்களும் கேட்ட வினாவால்தான் அது தெரிந்தது. கெடிஸ் இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

7. இன்றைய மதிப்பீடுகளும் நாம் கேட்கவேண்டிய வினாக்களும்

2008இல் தேசியக் காலநிலை மாற்றச் செயல்திட்டம் எட்டு இயக்கங்களோடு வெளிவந்தது. நகரங்களுக்குரியது நிலைத்த வாழிட இயக்கம். 2019இல் ஒன்றிய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் பல குறியீடுகள் கொண்ட நகர மதிப்பீட்டுச் சட்டகத்தை அறிமுகப்படுத்தியது. அடுத்த சுற்றில் 126 நகரங்கள் பங்கேற்றன. 2022 மார்ச்சில் மும்பை தன் காலநிலைச் செயல்திட்டத்தை வெளியிட்டது. பிற நகரங்களும் இவ்வழியில் வருகின்றன. இது வரவேற்கத்தக்க வளர்ச்சி. ஆனால் இம்மதிப்பீடுகளின் அடியில் இருக்கும் சமூகத் தரவு எது? வார்டு அளவில் மக்கள்தொகை, வீட்டின் கூரை, குடிநீர், கழிப்பறை பற்றிய முழுமையான தரவு 2011 கணக்கெடுப்பிலேயே நிற்கிறது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு அவ்வாண்டு நடக்கவில்லை. 2011க்குப் பின் நகருக்கு வந்த குடிபெயர்ந்தோர், அதாவது நகரின் மிக நலிந்த மக்கள், அளவீட்டின் அடித்தளத்திலேயே இல்லை. எண்ணப்படாதவரைச் சராசரியில்கூடச் சேர்க்க இயலாது.

ஆகவே ஒரு நகரின் பாதிப்புறுதன்மை அறிக்கை கையில் கிடைத்தால் அதனிடம் நான்கு வினாக்களைக் கேட்குமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று: இவ்வறிக்கை எந்த வரையறையைப் பின்பற்றுகிறது? ஆட்படுநிலை உள்ளேயா, வெளியேயா?

இரண்டு: அளவீட்டின் அலகு எது? மாநிலமா, மாவட்டமா, வார்டா, வீடா? காரணம் அந்த அலகுக்கு வெளியே இருந்தால் அறிக்கை அதை எவ்வாறு கையாள்கிறது?

மூன்று: 'பாதிப்புறுபவர்' என்று பெயர் பெறுபவருக்கு அப்பெயரால் நேரக்கூடியது என்ன? பாதுகாப்பா, வெளியேற்றமா?

நான்கு: முடிவை ஏற்றுச் செயல்படும் கடமை யாருக்கு, எந்த நாளில், எந்த அளவு எட்டப்படும்போது?

பிடிங்டனின் கடிதத்தில் நான்காவது வினாவுக்கு விடை இல்லை. பம்பாய் அறக்கட்டளை மூன்றாவது வினாவுக்கு அளித்த விடையை வரலாறு அறியும். சூரத் இரண்டாவதைக் கற்றுக்கொள்ள ஒரு வெள்ளம் தேவைப்பட்டது. அகமதாபாத் நான்காவதுக்கு ஓரளவு விடையளித்தது. அதற்கும் 1,344 இறப்புகள் முன்சென்றன.

இறுதியாக, ஆச்சியின் வினா. 'எங்களுக்கு என்ன ஆகும்' என்பது தாக்கத்தைக் கேட்பது. 'நாங்கள் என்ன செய்வோம்' என்பது தகவமைவைக் கேட்பது. ஐபிசிசியின் வரையறை பிரித்துக்காட்டும் இரு கூறுகளை அவர் தம் பேச்சுத்தமிழில் பிரித்துக் காட்டினார். அன்று வினாப்படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு நான் கேட்டபோது, 2005 வெள்ளத்தில் அரிசியைப் பரண்மேல் ஏற்றியது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை மாடிவீட்டில் சேர்த்தது, மின்சாரப் பெட்டியை யார் அணைப்பது என்று தெருவில் ஒருவரை நியமித்தது என அவர் ஒரு மணி நேரம் சொன்னார். திரும்பிவந்து, அவ்வினாவை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று ஆய்வுக்குழுவுக்கு எழுதினேன். தமிழ்ப் படிவத்தில் அது இப்போது இரண்டு வினாக்கள்: "வெள்ளம் வந்தால் உங்கள் குடும்பத்துக்கு என்ன நேரும்?" "அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள், யார் உங்களுக்குத் துணை வருவார்?" இரண்டாவதற்கு எதிரே கட்டங்கள் இல்லை, எழுதுவதற்கு ஐந்து வரிகள் உள்ளன.

பாதிப்புறுதன்மை, ஆட்படுநிலை, இடர்ப்பாடு ஆகியவற்றுக்குத் தங்கள் துறைகளில் வழங்கும் தமிழ்ச்சொற்களை நண்பர்கள் கீழே பகிர்ந்தால் பயன்படும். திருத்தங்களையும் மாற்றுக்கருத்துகளையும் வரவேற்கிறேன்.